ஒகேனக்கல் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒகேனக்கல் கிளம்பும்போது தருமபுரியில் மழை வருமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். முதல் தவறே அதுதான். அங்கே காவிரியில் ஓடுவதில் பெரும்பகுதி குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. ஜூலை, ஆகஸ்டில் பென்னாகரத்தில் வெயில் அடிக்கும். அதே நேரம் மேலே கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறந்திருப்பார்கள். அது வந்து சேர்ந்ததும் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை. அதனால் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது பிலிகுண்டுலு நீர்வரத்து. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடம் அது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழகத்துக்குத் தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) நீரை அளப்பதும் அங்கேதான்.

வெள்ளம் வந்தால் அருவி இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று ஓடுவது அடுத்தது. நீர்வரத்து நொடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டினால் பாறையெல்லாம் மூழ்கிவிடும், அருவியே தெரியாது. இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் அடங்கிய மாதங்கள்தான் சரி.

அப்புறம் பரிசல். மூங்கிலால் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட். எடை ஒரு பக்கம் போனால் அப்படியே சாயும். இருந்தும் செல்ஃபிக்கு எழுந்து நிற்பவர்கள் உண்டு. லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 2015-இல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் பலர் இறந்த ஆறு இது. பரிசல்காரர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அனுமதியில்லாத மடுவில் இறங்கவும் வேண்டாம்: வழுக்குப் பாறை, சுழல், முதலை எல்லாம் உண்டு.

வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்புவதையும் தவறு என்றே சொல்வேன். இந்த ஆற்றின் கதை கீழே மேட்டூரில் தொடர்கிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணைக்காகப் பல ஊர்கள் காலி செய்யப்பட்டன. அந்த ஊர்க்காரர்கள் விட்டுப்போன கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது அணையின் நீர்த்தேக்கக் கரையில் பண்ணவாடிப் பக்கம் வெளியே தெரியும். ஆனால் இங்கேயும் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.