பழைய நுண்ணோக்கிக்கு மாற்றுத் திருகு செய்யும் முறை

பழைய பித்தளை நுண்ணோக்கியில் ஒரு திருகு தொலைந்துவிட்டால், கைக்குக் கிடைத்த மெட்ரிக் திருகை அழுத்தித் திருகிவிடாதீர்கள். துளையின் மரை சிதைந்தால் மீட்பது மிகக் கடினம். பிரிட்டனில் செய்யப்பட்ட கருவிகள் பலவற்றின் சிறு திருகுகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவுமுறை) மரையே இருக்கும், அதன் கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60 பாகை என்பதால், விட்டம் ஒத்துவந்தாலும் இரண்டும் சரியாகப் பொருந்தா. எனவே, அதே கருவியிலுள்ள இணைத் திருகைக் கழற்றி அளந்துபாருங்கள்: வெளிவிட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ. என்றால் அது 2 பி.ஏ. அளவுத் திருகு. பித்தளைக் கம்பியை அந்த விட்டத்துக்குக் கடைந்து, மரை வெட்டும் அச்சை அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பினால், சீவல் அடைக்காமல் மரை சுத்தமாக விழும். தலையின் பள்ளத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்தபின், முதல்முறை விரலால் மட்டுமே திருகிப் பாருங்கள்.