பழைய சோவியத் லென்ஸ்: கண்ணாடியிலும் கோட்டிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிரர்லெஸ் கேமராவும் மலிவான ஒரு அடாப்டரும் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது சோவியத் லென்ஸைத்தான். ஹீலியோஸ் 44-2, ஜூப்பிட்டர்-8, ஜூப்பிட்டர்-9, இண்டஸ்டார்-61. நல்ல தேர்வு. இந்த லென்ஸ்கள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால்தான் எங்கள் நண்பர்கள் செட்டில் அந்தக் காலத்தில் நடந்த தப்புகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை. சட்டை நுனியால் துடைக்காதே, மூடி போட்டு வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோட்டிங்கின் நிறத்தைப் பார்த்து விலை பேசுவது

"இது நீலமா இருக்கு, அது ஊதாவா இருக்கு, எது ஒசத்தி?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். கோட்டிங் என்பது ஒளி திரும்பிப் போகாமல் இருக்கக் கண்ணாடிமேல் போடும் மெல்லிய படலம். அதன் நிறம் தரத்தைச் சொல்லாது. 1970-கள் வரையிலான சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் ஒற்றை அடுக்குக் கோட்டிங்தான். பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு வருகிற மாதிரி அதன் தடிமனை வைப்பார்கள். பச்சை அடங்கிவிடுவதால் நீலமும் சிவப்பும் கலந்து ஊதாவாகத் திரும்பி வரும். தடிமன் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சாயல் மாறிவிடும். ஒரே ஆண்டு வந்த இரண்டு ஹீலியோஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று நீலமாகவும் ஒன்று இளம் பழுப்பாகவும் தெரிவது சகஜம். படத்தில் வித்தியாசம் தெரியாது.

முன் வளையத்தில் வாசல் நிலை வடிவில் ஒரு சிவப்பு ரஷ்ய எழுத்து இருந்தால், கோட்டிங் போட்ட லென்ஸ் என்று பொருள். எல்லா லென்ஸுக்கும் கோட்டிங் வந்த பிறகு அந்த எழுத்தைப் போடுவதையே விட்டுவிட்டார்கள். ஆகவே எழுத்து இல்லையென்றால் கோட்டிங் இல்லை என்று எண்ணி விலையைக் குறைக்கவும் வேண்டாம், எழுத்து இருக்கிறதே என்று கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம்.

குமிழியைப் பார்த்துப் பயப்படுவது

கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவில் குமிழி தெரிந்தால் லென்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தக் கால உயர்ரகக் கண்ணாடி வார்ப்பில் இது இருக்கும்; ஜெர்மன் லென்ஸ்களிலும் உண்டு. 58 மி.மீ. குவியத்தூரம் கொண்ட ஹீலியோஸை எஃப் 2-ல், அதாவது குவியத்தூரத்தில் பாதி அகலத்துக்கு, முழுதாகத் திறந்தால் ஒளி நுழையும் வட்டம் 29 மி.மீ. அகலம். 0.2 மி.மீ. குமிழி அதில் மறைப்பது இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

வெண்படலத்தைப் பூஞ்சை என்று நினைத்துத் தேய்ப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஜூப்பிட்டர்-9 ஒன்றைக் கொண்டுவந்தார். 85 மி.மீ., எஃப் 2. போர்ட்ரெய்ட் எடுக்க இதைப் போல ஒன்று அமைவது அபூர்வம். "அண்ணா, ஃபங்கஸ் போயிடுச்சு. ஆனா படம் முன்னைவிட மங்கலா வருது" என்றார். பின்பக்கத்தைக் கழற்றி, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களை ஒட்டியிருக்கும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் அழகான ஊதா வளையம். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நிறமே இல்லாத வெறும் கண்ணாடி. அதன்மேல் சுழல் சுழலாக, வெளிச்சம் பட்டால் மட்டும் மின்னும் மெல்லிய கீறல்கள். பற்பசை போட்டு விரலால் தேய்த்திருக்கிறார். ஏதோ வீடியோவில் அப்படிச் சொன்னார்களாம்.

அவர் பார்த்தது ஃபங்கஸே அல்ல. சோவியத் லென்ஸ்களில் ஃபோகஸ் மரையிலும் அப்பர்ச்சரிலும் போட்ட கிரீஸ் பல பத்தாண்டுகளில் ஆவியாகி, அருகிலுள்ள கண்ணாடி மேல் படிகிறது. டார்ச் அடித்தால் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி சீரான வெண்படலமாகத் தெரியும். நாங்கள் ஹேஸ் என்போம். அதுதான் அந்த மாணவரின் லென்ஸில் இருந்தது. எடுக்க எளிதானது, தேய்க்கவே தேவையில்லாதது.

கோட்டிங்கின் தடிமன் எவ்வளவு தெரியுமா? மக்னீசியம் ஃப்ளூரைடு அடுக்கு ஒன்று 100 நானோமீட்டர் அளவுதான். தலைமுடியின் தடிமனில் சில நூற்றில் ஒரு பங்கு. பற்பசையில் இருப்பது பல்லின் கறையைச் சுரண்டும் தூள். அதன் முன்னால் இந்த அடுக்கு நிற்குமா? அதுவும் பழைய லென்ஸ்களில் வெளிக்கண்ணாடியைவிட உள்கண்ணாடியின் கோட்டிங் மென்மையாக இருப்பதுண்டு. உள்ளே கை போகாது என்ற நம்பிக்கையில் போட்டது அது.

கோட்டிங் போனதுகூடப் பாதிதான். கோட்டிங் இல்லாத ஒரு பரப்பு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒற்றை அடுக்கு போட்டால் அது 2 சதவீதத்துக்குக் கீழே வரும். ஒரு பரப்பில் மட்டும் போனால் சமாளிக்கலாம். கீறல்தான் கொல்கிறது. வெளிச்சம் எதிரே இருந்தால் ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடிக்கும். கறுப்பு சாம்பலாகும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், போய்விடும். முன்கண்ணாடியில் உள்ள கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் படத்தில் அதிகம் காட்டிக்கொடுக்கும். இதை வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. மறுபடி பாலிஷ் செய்து வெற்றிடத்தில் கோட்டிங் போட ஆகும் செலவில் இன்னும் இரண்டு ஜூப்பிட்டர் வாங்கலாம்.

கழற்றுவதற்கு முன் டார்ச்சைச் சாய்வாக அடித்து என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சீரான புகை மாதிரி இருந்தால் ஹேஸ். வேர் விட்ட மாதிரி கிளை கிளையாகப் பிரிந்தால் பூஞ்சை. ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் வளையமோ திட்டோ உள்நோக்கி வந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அது உள்ளே இருக்கிறது. ஜூப்பிட்டர்-8, ஜூப்பிட்டர்-9 லென்ஸ்களில் மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டியிருப்பதால் இது அடிக்கடி கண்ணில் படும்.

ஹேஸ் என்று உறுதியானால்: முதலில் காற்றடிக்கும் ரப்பர் பந்தால் (ப்ளோயர்) தூசியை ஊதுங்கள். லென்ஸ் டிஷ்யூவில் சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு, டிஷ்யூவின் எடையே போதும், விரல் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் புது டிஷ்யூ. போகாவிட்டால் இன்னொரு முறை, அதே மென்மையோடு. சாயல் மாறுவது போலத் தெரிந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். பூஞ்சைக்கும் இதே முறைதான். ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை ஏற்கெனவே அரித்திருந்தால் தடம் நிற்கும். நிற்கட்டும். தடம் இருக்கிற லென்ஸ் படம் எடுக்கும், தேய்த்த லென்ஸ் எடுக்காது.

இன்னொரு லென்ஸின் கண்ணாடியை எடுத்து மாட்டுவது

மேலே சொன்ன விபத்துக்குப் பிறகு அடுத்து வரும் யோசனை இது: உடைந்த ஒரு ஜூப்பிட்டர் வாங்கி அதன் கண்ணாடியைப் பொருத்திவிடலாம். பொருந்தும், மரையும் ஏறும், படம்தான் சரியாக வராது. ஜூப்பிட்டர் வரிசையில் பெரும்பாலானவை ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்துச் சோனார் என்ற லென்ஸ் வடிவமைப்பிலிருந்து பிறந்தவை. போருக்குப் பிறகு முதலில் வந்தவை ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன கண்ணாடியில் செய்தவை. பிறகு சோவியத் கண்ணாடிக்கு ஏற்ப வளைவுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டார்கள். ஜூப்பிட்டர்-9-ஐ க்ராஸ்னகோர்ஸ்க், கீவ் அர்செனல், லித்கரினோ மூன்று ஆலைகளும் செய்தன. பெயர் ஒன்று என்பதற்காக உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடாது. ஒரே லென்ஸுக்குள்ளும் கண்ணாடிக் கூட்டின் கீழே காகிதம் மாதிரி மெல்லிய உலோக வளையங்கள் இருக்கும். அந்தந்த லென்ஸுக்கு அளந்து போட்டவை. கழற்றும்போது ஒன்று கீழே விழுந்து தொலைந்தால் இன்ஃபினிட்டி ஃபோகஸ் போச்சு, அதாவது வெகுதூரத்தில் இருப்பது தெளிவாக விழாது. கழற்றுகிற ஒவ்வொரு படியையும் மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எம்.சி. (பல அடுக்குக் கோட்டிங்) இருந்தால்தான் வாங்குவேன் என்பது

ஹீலியோஸ் படங்களில் மங்கலான பின்னணி சுழல்வது போலத் தெரியும்; அதற்காக வாங்குகிறவருக்குப் பல அடுக்குக் கோட்டிங் தேவையே இல்லை.

தோல் உறையிலேயே வைத்திருப்பது

வேண்டாம். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்குச் சாப்பாடு போடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல்.

ஃப்ளேர் (வெளிச்சம் பட்டுப் படம் வெளுப்பது) வந்தால் கோட்டிங்கைக் குற்றம் சொல்வது

வெயிலில் படம் வெளுத்தால் உடனே "கோட்டிங் போயிடுச்சு" என்கிறார்கள். பல நேரம் காரணம் கண்ணாடி இல்லை, அதைத் தாங்கும் லென்ஸ் குழல். பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள்: கறுப்பு அடிக்காத அலுமினிய வளையமோ, பெயின்ட் உதிர்ந்த கண்ணாடி ஓரமோ பளபளக்கும். பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டுச் சென்சார் முழுக்கப் பரவுகிறது. சோதிக்க எளிய வழி, லென்ஸுக்கு மேலே கையை நீட்டி நிழல் கொடுத்து இன்னொரு படம் எடுப்பது. கான்ட்ராஸ்ட் திரும்பி வந்தால் கோட்டிங் நன்றாகவே இருக்கிறது. வாங்க வேண்டியது முன்னால் மாட்டி நிழல் தரும் ஒரு ரப்பர் ஹூட். அதன் மரை ஹீலியோஸ் 44-2-க்கு 49 மி.மீ., ஹீலியோஸ் 44எம் வரிசைக்கு 52 மி.மீ.