எந்த லோடுக்கு எத்தனை ஸ்கொயர் ஒயர்? படிப்படியாகக் கணக்கிடுவோம்

ஒயரிங் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, "ஹீட்டருக்கு எத்தனை ஸ்கொயர் போடணும்?" என்பதுதான். லோடு, அதாவது கருவி இழுக்கும் மின்சக்தி, மட்டும் தெரிந்தால் பதில் சொல்ல முடியாது. ஒயர் எந்த வழியாகப் போகிறது, கூட எத்தனை ஒயர்கள் கிடக்கின்றன என்பதும் தெரிய வேண்டும். 230 வோல்ட் சப்ளையில் 3000 வாட் ஹீட்டர் ஒன்றை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கையில் இருக்கும் ஒயரைப் பாருங்கள். ஸ்கொயர் என்பது சதுர மில்லிமீட்டரில் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, விட்டம் இல்லை. 2.5 ஸ்கொயர் ஒற்றைக் கம்பியின் விட்டம் 1.78 மில்லிமீட்டர்தான். பல இழை ஒயரா? ஓர் இழையின் விட்டத்தை மைக்ரோமீட்டர் கருவியால் மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.785ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். 0.3 மில்லிமீட்டர் இழை 36 இருந்தால் 2.54 வரும். அப்புறம், ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை நம்பிக் கீழே உள்ள கணக்கைப் போடவே கூடாது. மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, பயமில்லை.

படி 1: மின்னோட்டம். 3000ஐ 230ஆல் வகுத்தால் 13 ஆம்பியர்.

படி 2: பிரேக்கர், அதாவது மின்னோட்டம் எல்லை மீறினால் தானே அணைந்துவிடும் (டிரிப் ஆகும்) சுவிட்ச். 13க்கு அடுத்த அளவு 16 ஆம்பியர். ஒயரின் தாங்குதிறன் இந்த 16க்குக் கீழே போகவே கூடாது. பிரேக்கர் காப்பது ஒயரைத்தான். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஒயரை விட்டுவிட்டுப் பெரிய பிரேக்கரை மாட்டுவது நெருப்பை வரவழைக்கிற வேலை.

படி 3: ஒயர் கிடக்கும் இடம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பான ஐஇசியின் அட்டவணைப்படி, செங்கல் சுவரில் பதித்த பைப்பில் தனியாகப் போகும் 2.5 ஸ்கொயர் பிவிசி ஒயர், 30 டிகிரி சூழலில் 24 ஆம்பியர் தாங்கும். பிவிசி உறையுள்ள ஒயரின் செம்பு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. சூழலே 40 டிகிரி ஆனால் 0.87ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் ஒயர்கள் போனால் மேலும் 0.70ஆல். 24 இப்போது 14.6 ஆகிவிட்டது, 16க்குக் கீழே! 4 ஸ்கொயருக்குப் போனால் 32 ஆம்பியர். அதே குறைப்புக்குப் பிறகும் 19.5 நிற்கிறது. ஆக, 4 ஸ்கொயர்.

படி 4: வோல்டேஜ் இழப்பு. 20 மீட்டர் தூரம் என்றால் போக வர 40 மீட்டர். ஒரு ஸ்கொயர் செம்பின் தடை மீட்டருக்கு 0.0172 ஓம். 4 ஸ்கொயரில் மொத்தம் 0.172 ஓம், அதை 13 ஆம்பியரால் பெருக்கினால் இழப்பு 2.2 வோல்ட், அதாவது ஒரு சதவீதம். தாராளமாகப் போதும். இதே வேலைக்கு 1 ஸ்கொயர் போட்டிருந்தால் 9 வோல்ட் போயிருக்கும். சுவருக்குள் 117 வாட் வெப்பம் வேறு. செம்பு சூடாக ஆக, 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் வீதம் தடையும் ஏறும்.

இணைப்பு கொடுக்கும் முன் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்யுங்கள். உறையை உரிக்கும்போது நான்கு இழை அறுந்தாலும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். திருகை இறுக்கியதும் ஒயரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அந்த இடம்தான் முதலில் கருகும்.