பன்றி விலா மெத்தென்று வர: எந்த முறை, எந்தப் பதம்?

விலாக்கறி கடினமாக இருந்தால் முதலில் தோன்றுவது, "அதிகமாக வெந்துவிட்டது" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கறியோ முன்பைவிட அதிகமாகப் பல்லில் இழுத்தது. பிறகு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, உள்ளே 70 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துப் பார்த்தேன். வெந்திருந்தது, ஆனால் ரப்பர்.

கடைசியில் ஒருநாள் ஒரு முழு ரேக்கை (வரிசையாக ஒட்டியிருக்கும் விலாக்களின் முழுத் துண்டு) இரண்டாக வெட்டி ஓவனில் வைத்தேன். 70 டிகிரியில் ஒரு பாதியை வெளியே எடுத்துவிட்டு, மறுபாதியைத் திரும்ப உள்ளே தள்ளினேன். 80 டிகிரியில் பல்குத்தும் குச்சி பாதி வழியிலேயே நின்றது. 88இல் உள்ளே போனது, ஆனால் இழுக்கும்போது கறி குச்சியைப் பிடித்துக்கொண்டது. 94இல் வெந்த கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. ஒரே கறி, ஒரே ஓவன், இரண்டு பாதிக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிவு. விலாக்கறியில் வெந்தது வேறு, பதமானது வேறு.

சாப்பிடப் பாதுகாப்பான சூட்டை அது சீக்கிரமே எட்டிவிடும். முழுத் துண்டாக இருக்கும் பன்றி இறைச்சிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும்தான் (2011 வரை 71 டிகிரி என்று சொல்லிவந்தார்கள்). கொழுப்பும் சாறும் உள்ள மென்மையான துண்டுகளுக்கு அது போதும். விலாவுக்குப் போதாது. மூச்சு விடும்போதெல்லாம் அசையும் இடம் அது, அங்கே இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சூடு பட்டதும் முதலில் சுருங்கும், சாற்றையும் பிழிந்து தள்ளும். அந்தக் கட்டத்தில் எடுத்தால் கிடைப்பது மிகக் கடினமான கறி. இன்னும் பொறுத்தால் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. 80 டிகிரியைத் தாண்டினால் இது வேகம் பிடிக்கும். எலும்பு வேகவைத்த சாறு ஆறியபின் ஜெல்லிபோல உறைகிறதே, அதே ஜெலட்டின்தான். கறிக்குள் அது தங்கும்போது நாக்கில் ஈரமாக, வழவழப்பாகத் தெரியும்.

சரி, எந்த விலா வாங்குவது? பேபி பேக் என்பது முதுகெலும்பை ஒட்டிய பக்கம். எலும்பு குட்டையாக வளைந்திருக்கும், கொழுப்பு குறைவு, சீக்கிரம் பதமாகும். 'பேபி' என்பது எலும்பின் நீளத்தைச் சொல்கிறது, குட்டிப் பன்றியை அல்ல. ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கம்: நீளம், தட்டை, கொழுப்பு அதிகம், நேரமும் அதிகம். அதன் ஓரத்துக் குருத்தெலும்பை வெட்டிச் செவ்வகமாக்கினால் அதுதான் செயின்ட் லூயிஸ் வெட்டு. முதல் தடவை செய்பவர்கள் பேபி பேக்கில் தொடங்குங்கள். ருசி என்று கேட்டால் என் ஓட்டு ஸ்பேர் ரிப்ஸுக்கு.

எந்த முறை?

கிட்டத்தட்ட எல்லா முறைகளும் கறியை 90 முதல் 95 டிகிரி வரை கொண்டுபோய், அங்கே கொஞ்ச நேரம் இருக்க வைக்கும் வழிகள்தான். எதில் ருசி குறைகிறது, எதில் கவனம் அதிகம் தேவை என்பதில்தான் வித்தியாசம்.

தண்ணீரில் கொதிக்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறி மென்மையாகும், சந்தேகமில்லை. ஆனால் உப்பும் சாறும் தண்ணீருக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரைச் சூப்பாகக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள்.

பிரஷர் குக்கர் நேரம் இல்லாதவர்களுக்கு. உள்ளே 115 முதல் 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் பேபி பேக் 25 நிமிடத்தில் ஆகிவிடும். ஐந்து நிமிடம் கூடினாலே நார் நாராகப் பிரிந்துபோகும் என்பதுதான் சிக்கல். மூடியைத் திறந்து பார்த்து நிறுத்தவும் வழியில்லை.

புகையில் வேகவைப்பதற்கு ருசியில் ஈடு கிடையாது. 107 டிகிரி வாக்கில் 3 மணி நேரம் புகை, 2 மணி நேரம் அலுமினியத் தாளில் சுற்றி, 1 மணி நேரம் சாஸ் தடவித் திறந்து என்று 3-2-1 கணக்கு ஒன்று பிரபலம். அது ஸ்பேர் ரிப்ஸுக்கானது. பேபி பேக்கை அப்படியே 6 மணி நேரம் வைத்தால் குழைந்துவிடும். சூ-வீ முறையில் (கறியைப் பையில் அடைத்து, சூடு மாறாத தண்ணீரில் வைப்பது) 74 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தாலும் அருமையாக வருகிறது, சூடு குறைவாக இருந்தாலும் நேரம் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் இதற்காக மட்டும் அந்தக் கருவியை வாங்க வேண்டாம்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது ஓவன்தான். தாளில் இறுக்கிச் சுற்றி மிதமான சூட்டில் வேகவைத்து, கடைசியில் திறந்து சாஸோடு சுட்டெடுப்பது. சூடு சீராக இருக்கும், இடையில் பிரித்துப் பதம் பார்க்கலாம், பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் கெட்டுப்போகாது.

படி 1: சவ்வை உரிப்பது

என்னை அதிகம் படுத்தியது இந்த இடம்தான். ரேக்கைத் திருப்பிப் போட்டால் எலும்புப் பக்கம் வெள்ளையாக, பளபளவென்று ஒரு சவ்வு தெரியும். எவ்வளவு நேரம் வெந்தாலும் அது மென்மையாகாது. மசாலாவையும் உள்ளே விடாது.

நான் கூர்மையான கத்தியால் ஓரத்து முனையிலிருந்து தொடங்கினேன். நகத்தளவு நகத்தளவாகக் கிழிந்து வந்தது. முனையில் சவ்வு மெல்லியது, அதனால்தான் கிழிகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்புக்கு வாருங்கள். வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியை எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே படுக்கவைத்த மாதிரி நுழைத்து, கொஞ்சம் நெம்புங்கள். கூடாரம்போல ஒரு இடைவெளி எழும்பும். அதில் விரலை விட்டு அடுத்த எலும்புவரை தளர்த்துங்கள். இப்போது ஒரு காகிதத் துண்டால் அதைப் பிடியுங்கள், வெறும் கையில் வழுக்கும். மெதுவாக, ஒரே சீராக இழுத்தால் முழுத் தாளாக உரிந்து வரும். கறி குளிர்ச்சியாக இருக்கும்போது செய்தால் இன்னும் சுலபம்.

என்ன செய்தும் வரவில்லையா? கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

படி 2: உப்பு

ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் உப்பு. முந்தின இரவே தடவி, ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மிளகு, பூண்டுத்தூள், மிளகாய்த்தூள், பிரவுன் சுகர் எல்லாம் உங்கள் விருப்பம். அவற்றை வேகவைக்கும் முன் தடவினால் போதும். சாஸிலும் உப்பு இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படி 3: சுற்றி வேகவைப்பது

ஓவனை 140 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அலுமினியத் தாளை இரண்டு அடுக்காக விரித்து, எலும்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஓரங்களை நன்றாக மடித்து மூடுங்கள். தண்ணீரோ பழச்சாறோ ஊற்ற வேண்டியதில்லை, கறியின் சாறே போதும். விளிம்பு உயர்ந்த தட்டில் வையுங்கள். பேபி பேக்குக்கு 2 முதல் 2½ மணி நேரம், ஸ்பேர் ரிப்ஸுக்கு 3 முதல் 3½.

இதற்கு விலையுயர்ந்த தெர்மாமீட்டர் தேவையில்லை. எலும்புகளுக்கு நடுவே கறி மெல்லியதாக இருப்பதால், ஊசி கொஞ்சம் நகர்ந்து எலும்பைத் தொட்டாலே தப்பான கணக்கு காட்டும். அந்தப் பணத்தில் ஓவனுக்குள் வைக்கும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். என் ஓவனில் 140 என்று வைத்தால் உள்ளே 160 இருந்தது, இது தெரியாமல் பல மாதம் சமைத்திருக்கிறேன்.

படி 4: பதம் பார்ப்பது

கடிகாரம் சொல்லும் நேரத்தில் பிரித்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி நிறுத்த வேண்டாம். எலும்பு நுனியில் கறி சுமார் ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். பல்குத்தும் குச்சியை இரண்டு எலும்புகளுக்கு நடுவே மூன்று இடத்தில் குத்துங்கள். போகும்போதும் வரும்போதும் தடை இருக்கக் கூடாது. இடுக்கியால் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினால் ரேக் நன்றாக வளைந்து மேலே லேசாக வெடிப்பு விட வேண்டும். இழுக்கிறதா? திரும்ப மூடி இன்னும் 20 நிமிடம். விலாக்கறி கடினமாக இருந்தால் பத்தில் ஒன்பது தடவை அதற்கு இன்னும் நேரம் வேண்டும் என்றுதான் பொருள்.

படி 5: சாஸ்

தாளில் தேங்கிய சாற்றை வடித்து, கறிப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, சாஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். 220 டிகிரியில் 5 நிமிடம், எடுத்து இன்னொரு பூச்சு, மறுபடி 5 நிமிடம். முதலிலேயே சாஸ் தடவி வேகவைக்காதீர்கள், அதிலுள்ள சர்க்கரை கறுத்துக் கசக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். வடித்த சாற்றைக் கொட்டிவிடாமல் சாஸில் இரண்டு கரண்டி கலந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

எத்தனை விசில் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். விசிலை எண்ண வேண்டாம், குக்கருக்குக் குக்கர் அது மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து நிமிடக் கணக்கு வையுங்கள். அணைத்தபின் 10 நிமிடம் ஆவி தானாக அடங்கட்டும். அப்புறம் படி 5.

சவ்வை உரித்தபின் எலும்பெல்லாம் கழன்று விழுந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சில கடைகளில் சவ்வை நீக்கித்தான் தருவார்கள். அதற்கு அடியில் எலும்புகளைப் பிடித்துவைக்கும் இன்னொரு மெல்லிய படலம் உண்டு, அவர் உரித்தது அதைத்தான். பளபளப்பு இல்லையென்றால் கை வைக்காதீர்கள். நான் முதலிலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

தாளில் பொடிப் பொடியாக ஓட்டை விழுந்தால், மசாலாவில் வினிகரோ எலுமிச்சையோ இருந்திருக்கும். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். உள்ளே ஒரு பார்ச்மென்ட் தாளை (பேக்கிங்குக்கு விரிக்கும் ஒட்டாத காகிதம்) வைத்துவிட்டு மேலே சுற்றுங்கள்.

பப்பாளியோ அன்னாசியோ அரைத்துத் தடவலாமா? அவற்றிலுள்ள நொதி மேற்பரப்பை மட்டும் கூழாக்கும், உள்ளே எலும்பை ஒட்டிய இடத்தை எட்டாது. மேலே மாவு, உள்ளே ரப்பர் என்றுதான் எனக்கு வந்தது. அந்தப் பழத்தைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ஓவனில் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள்.