கோத்தகிரி ஈரத்தில் வால்வு ப்ரீஆம்ப்: இரைச்சலை எங்கே பிடிப்பது

"அண்ணா, வாசிக்காம சும்மா வச்சிருந்தாலும் உஸ்ஸுனு இரையுதுங்க." கோத்தகிரியில் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்; சிக்னலை முதலில் பெருக்கும் பகுதிதான் ப்ரீஆம்ப்) வைத்திருக்கிற பசங்க என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் இதுதான். கூடவே, "எல்லா ரெசிஸ்டரையும் மாத்திடலாமா?" என்றும் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். காசு போகும், நன்றாக இருந்த சால்டரும் கெடும். மாற்ற வேண்டியவை ஒன்றிரண்டுதான்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அடித்தொண்டையில் உறுமினால் அது வேறு நோய்: 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் ஒயரையும் எர்த்தையும் பாருங்கள், 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரை. சீராக உஸ்ஸென்றால் கிட்டாரைக் கழற்றிவிட்டு, உள்ளே ஷார்ட் செய்த ஒரு ஜாக் பின்னை இன்புட்டில் செருகுங்கள். வால்யூமை முழுக்க இறக்கும்போது இரைச்சலும் அடங்கினால், அது முதல் வால்விலிருந்து வருகிறது. அங்கே பிறப்பதைத்தான் பின்னால் உள்ள அத்தனை வால்வும் பெருக்கித் தள்ளுகின்றன.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் மாட்டி, கெபாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே வைத்துச் சார்ஜை இறக்குங்கள். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம்.

முதலில் பிளேட் ரெசிஸ்டர். ப்ரீஆம்பில் வழக்கமாக இருக்கும் சின்ன வால்வான 12ஏஎக்ஸ்7-இன் 1-ஆம் பின்னில், அதாவது உயர் வோல்ட் வரும் பிளேட்டில், வந்து சேரும் 100 கிலோ ஓம் அது. பழைய ஆம்ப்களில் தடித்த, பழுப்பு நிறக் கார்பன் காம்போசிஷனாக இருக்கும். அதற்குக் குறுக்கே 100 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. டிசி விழ விழ அந்த வகைக் கார்பன் கூடுதலாக இரையும். அதே மதிப்பில் 1 வாட் மெட்டல் ஃபிலிம் போடுங்கள், வித்தியாசம் உடனே காதில் தெரியும். கிரிட்டிலிருந்து (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) கிரவுண்டுக்குப் போகும் 1 மெகா ஓமில் டிசி ஓடுவதில்லை. அதில் கார்பனை மாற்றிப் பலனில்லை, விட்டுவிடுங்கள்.

அடுத்தது இன்புட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவில் இருக்கும் 68 கிலோ ஓம். இங்கே பிரச்சினை வகையல்ல, மதிப்பு. 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது தானாகவே சுமார் 4.7 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். 10 கிலோ ஓம் போட்டால் 1.8 ஆகக் குறையும். புதியதை கிரிட்டின் 2-ஆம் பின்னை ஒட்டியே பற்றவையுங்கள், இல்லாவிட்டால் ரேடியோ ஸ்டேஷன் உள்ளே நுழையும்.

புது வால்வு வாங்கும் முன், பெட்டியில் இருக்கும் 12ஏஎக்ஸ்7-களையே இடம் மாற்றிப் பாருங்கள். அதிகம் சத்தம் போடுவதைக் கடைசி இடத்துக்குத் தள்ளுங்கள்.

இனி மலைக்காரர்களுக்கு மட்டும். ஊட்டிப் பக்கம் ஆடி மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மாதங்களில் உஸ் சத்தம் மாறி, கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும். வால்வு சாக்கெட்டில் 1-ஆம் பின்னும் 2-ஆம் பின்னும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் 170 வோல்ட், மற்றதில் பூஜ்யம். நடுவில் தூசியும் ஈரமும் சேர்ந்து 170 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தாலே கிரிட்டில் 1 வோல்ட் ஏறிவிடும். இதைச் சோதிக்க, ஒயர் எதுவும் இணைக்காத வெறும் ஜாக் பின்னை இன்புட்டில் செருகி, வால்வைக் கழற்றி, ஆம்பை ஆன் செய்து, ஒற்றைக் கையால் 2-ஆம் பின்னின் வோல்ட்டை மீட்டரில் அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை இறக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷால் சாக்கெட்டைத் தேய்த்து, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காயவையுங்கள். கழுவியும் வோல்ட் நின்றால், அந்த இடத்துக்குச் செராமிக் சாக்கெட் போடுங்கள்.

மழை முடியும்வரை ஆம்பை மூடிய அலமாரியில், குண்டு பல்பு வகை ஜீரோ வாட் விளக்கு ஒன்றை எரியவிட்டு வையுங்கள். எல்இடி பல்பில் அந்தச் சூடு வராது.