லிண்டிஸ்ஃபார்ன் போகிறவர்கள் கோட்டையை அப்புறம் பாருங்கள், கடலின் நேரத்தை முதலில் பாருங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிற நியூகாசிலுக்கும் டரமுக்கும் படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்கிற நம்மவர்கள், முதல் கோடை விடுமுறை வந்ததுமே லண்டனுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டுக்கும் அறைக்கும் தண்டம் அழுதுவிட்டு பிக் பென் முன்னால் நின்று ஒரு செல்ஃபி. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலிலேயே நார்தம்பர்லாண்ட் கிடக்கிறது: கோட்டைகள், ரோமானியர் கட்டிய சுவர், ஆளே இல்லாத நீண்ட மணல் கடற்கரைகள், கடல் ஏறும்போது மட்டும் தீவாகிவிடுகிற ஓர் ஊர். 'எங்க ஊர்' என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எனக்கு அதன்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது. அதனால்தான் அங்கே போய் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபமும் வருகிறது.

காகித வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இங்கே குடியேறி 12 மாதம் வரை நம் ஊர் உரிமத்திலேயே கார் ஓட்டலாம். அதற்கு மேல் இங்கத்திய தேர்வுகளை எழுதித் தேறியாக வேண்டும். வாடகைக் கார் எடுக்கப் பெரும்பாலும் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். பழைய இடங்களைப் பராமரிக்க நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றின் உறுப்பினர் அட்டையை மற்றதில் நீட்டினால் பொதுவாகச் செல்லாது. லிண்டிஸ்ஃபார்ன் கோட்டை முதலாவதன் கையில், அதே தீவின் பாழடைந்த மடாலயம் இரண்டாவதன் கையில். அட்டை வாங்குமுன் எதை எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிண்டிஸ்ஃபார்ன், அதாவது ஹோலி ஐலண்ட், கரையிலிருந்து ஒரு தார்ச்சாலையால் இணைக்கப்பட்டிருக்கிறது. 1954-இல் போட்ட சாலை. ஏ1 நெடுஞ்சாலையில் பீல் என்ற இடத்தில் திரும்பி, ரயில்வே கேட்டைத் தாண்டினால் மணல்வெளிக்குள் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இந்தச் சாலையை மூழ்கடிக்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 5 மணி நேரம் போகவும் முடியாது, வரவும் முடியாது. ஜிபிஎஸ் வரைபடத்தில் மற்றச் சாலைகளைப் போல இதுவும் ஒரு கோடு.

இது நமக்கு ஏன் புரிவதில்லை என்றால், நம் கடல் இப்படிச் செய்வதில்லை. மெரினாவில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் பக்கம் அதைவிடவும் குறைவு. கடற்கரையில் வளர்ந்தவர்கள்கூட அலையைப் பார்த்துப் பயப்படுவார்களே தவிர, நேரத்தைப் பார்த்துப் பயந்ததில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதுவும் ஆர்ப்பாட்டமாக வராது. மணலில் இருக்கிற ஓடைகள் சத்தமில்லாமல் நிறையும், பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பளபளக்கும், அப்புறம் சாலை இருக்காது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். வாடகைக் கார், புளியோதரை, ஃபிளாஸ்கில் காபி என்று எல்லாம் எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனார். நேரம் தெரியாமல் போகவில்லை. சாலை ஒன்றரைக்கு மூடும் என்று பலகையில் படித்திருக்கிறார். ஆனால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து கோட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல் நடை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு மணல்திட்டில் படுத்துக் கிடக்கும் கடல்நாய்களைப் பார்த்தே ஆக வேண்டும். கிளம்பும்போது இரண்டு மணியைத் தாண்டிவிட்டது.

தீவின் பக்கம் சாலை காய்ந்தே இருந்ததாம். அதுதான் பொறி. தாழ்வான பகுதி மறுபக்கம், கரைக்கு அருகில் இருக்கும் சின்னப் பாலத்தை ஒட்டி வருகிறது. தண்ணீர் அங்கேதான் முதலில் வழி மறிக்கும். பாதித் தூரம் வந்தவருக்குத் திரும்பிப் போக மனசு வராது. முன்னால் உயரமான பிக்கப் வண்டி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. சென்னை மழையில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே முதல் கியரில் சுரங்கப்பாதையைத் தாண்டிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அதே நம்பிக்கையில் இவரும் இறக்கிவிட்டார். சுரங்கப்பாதைத் தண்ணீர் நின்ற தண்ணீர். இது ஓடுகிற தண்ணீர், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற தண்ணீர். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் நின்றுபோனது.

பாலத்தின் அருகே கால்கள் வைத்த வெள்ளை மரக்கூண்டு ஒன்று இருக்கிறது, இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறிக்கொள்ள. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியோடு அந்த அம்மா படியேறினார். இதுவரைக்கும்கூடச் சரி என்பேன். எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டுத்தான். நண்பர் 999-ஐ அழைக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்தால் எவ்வளவு பில் போடுவார்களோ, விசாவில் கறுப்புப் புள்ளி விழுமோ என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கரையிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லித்தான் உயிர்காப்புப் படகு வந்தது.

தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கடலிலோ கடற்கரையிலோ ஆபத்து என்றால் 999 அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள். காப்பாற்றியதற்குப் பில் வராது, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தப் படகுகளை நடத்துவது ஆர்என்எல்ஐ, 1824-இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் தன்னார்வலர்கள். கடையில் அவர்களுடைய உண்டியலைப் பார்த்தால் இரண்டு பவுண்டு போடுங்கள்.

பணம் போனது காரில். கடல்நீர் குடித்த கார் தேறாது. வாடகைக்குக் கொடுத்தவர்கள், காருக்கு எடுத்த பாதுகாப்பு விபத்துக்குத்தான், தண்ணீருக்குள் ஓட்டிப் போனதற்கு இல்லை என்று கையெழுத்துப் போட்ட தாளையே எடுத்துக் காட்டினார்கள். தனியாக வாங்கியிருந்த காப்பீடும் எச்சரிக்கைப் பலகையை மீறியதாகச் சொல்லிக் கையை விரித்தது. ஊரில் வீட்டுக்கு மாடி எடுக்கச் சேர்த்த காசு அப்படியே போய்விட்டது.

ஆகவே செய்ய வேண்டியது இது. நார்தம்பர்லாண்ட் கவுண்டி கவுன்சில் ஒவ்வொரு நாளுக்கும் சாலையைக் கடக்கும் பாதுகாப்பான நேரத்தை வெளியிடுகிறது. அதை மட்டும் பாருங்கள், பொதுவான கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். நேரம் தினமும் தள்ளிக்கொண்டே போகும், போன வாரம் போய்வந்த நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் உதவாது. மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே காரில் உட்காருங்கள். தவறிவிட்டால் தீவிலேயே இருந்துவிடுங்கள், அஞ்சு மணி நேரத்தில் யாரும் செத்துப்போவதில்லை. கார் இல்லாதவர்களுக்குப் பெரிக்கிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் அதன் நேரமும் கடல் வைத்த நேரம்தான். மணலில் நட்ட கம்பங்களைத் தொடர்ந்து நடந்தே போகும் பழைய யாத்திரைப் பாதையும் இருக்கிறது. புதியவர்கள் வழி தெரிந்தவர்கள் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

உண்மையில் என் யோசனை, வேண்டுமென்றே தீவில் தங்கி அந்த அஞ்சு மணி நேரத்தைக் கழியுங்கள் என்பதுதான். பகல் கூட்டம் ஓடிவிடும். ஊரில் சுமார் 150 பேர்தான். 635-இல் எய்டன் என்ற துறவி மடாலயம் தொடங்கிய இடம், 793-இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடிய இடம். மடத்தில் எழுதிய பிரசித்தி பெற்ற சுவிசேஷச் சுவடி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நம் செப்பேடுகள் எங்கெங்கோ கிடப்பதை நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் பழைய மீன்பிடிப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகையாக வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கி.பி. 122-இல் கட்டத் தொடங்கியது, கடலுக்குக் கடல் 73 மைல். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு மேலே சொன்ன இரண்டு அட்டைகளும் செல்லும். ஏடி122 என்றே எண் வைத்த பேருந்து ஒன்று ஓடுகிறது, குளிர்காலத்தில் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். சைகமோர் கேப் பள்ளத்தில் தனியாக நின்ற மரத்தின் படத்தை இன்னமும் பலர் பகிர்கிறார்கள். 2023 செப்டம்பரில் இரண்டு பேர் ராத்திரியோடு ராத்திரியாக அதை அறுத்துப் போட்டார்கள், 2025-இல் நான்கே கால் வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடிக்கட்டை மறுபடி துளிர்த்திருக்கிறது. சுவர்மேல் மட்டும் ஏறி நடக்காதீர்கள், பக்கத்திலேயே பாதை இருக்கிறது. வயல் நடுவே மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது பொதுநடைபாதை. அடுத்தவன் நிலம் என்று கூச வேண்டாம், தைரியமாக நடக்கலாம். நீங்கள் திறந்த கேட்டை மட்டும் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கிற மாட்டை நம் ஊர் லட்சுமி என்று நினைத்துத் தடவப் போகாதீர்கள்.

ஆனிக் தோட்டத்தில் நச்சுச் செடிகளுக்கென்றே பூட்டிய கதவுக்குள் ஒரு பகுதி. வழிகாட்டி பயபக்தியோடு ஒரு செடியைக் காட்டிக் கிட்டே போகாதீர்கள் என்றார். பார்த்தால் ஆமணக்கு! எங்கள் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கும். விதையில் கொடிய விஷம் இருப்பது உண்மைதான், சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

ஃபார்ன் தீவுகளுக்கு சீஹவுசஸிலிருந்து படகு. தொப்பி கட்டாயம், முட்டை வைத்திருக்கும் ஆலா என்ற கடற்பறவைகள் தலையில் கொத்தும். வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகளுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் மே, ஜூனில் போங்கள். ஜூலை முடிவதற்குள் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். ஆகஸ்டில் போய் நின்றுகொண்டு ஒரு பறவையும் காணோமே என்று எனக்கு போன் போடாதீர்கள்.