மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் காய்கறி சூப்: எதை எதோடு சேர்க்கக் கூடாது?

மாத்திரை எதுவும் எடுக்காதவர், சிறுநீரகம் நன்றாக இருப்பவர் என்றால் காய்கறி சூப்பை நிம்மதியாகக் குடிக்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொரியலாக இரண்டு கரண்டி கீரை சாப்பிடுபவர், சூப் வைத்தால் ஒரு கட்டுக் கீரையின் சத்தையும் அது வெந்த தண்ணீரோடு குடித்துவிடக்கூடும். அதையே தினமும் குடிக்கும்போது சில மருந்துகளோடு மோதல் வருகிறது. அதனால் செய்முறையைச் சொல்லும்போதே எங்கே கவனம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு: கேரட் 1, பீன்ஸ் 6, சௌசௌ பாதி, தக்காளி 1, சின்ன வெங்காயம் 6, பூண்டு 4 பல், இஞ்சி சிறு துண்டு, தண்ணீர் 5 டம்ளர், உப்பு, மிளகுத்தூள். விரும்பினால் ஒரு பிடி முருங்கைக்கீரை.

படி 1: மாத்திரை அட்டையைப் படியுங்கள்

பெரிதாகத் தெரியும் கம்பெனிப் பெயர் போதாது. ‘டாப்லெட்ஸ் ஐ.பி.’ என்று முடியும் வரியில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி சமையலறையில் ஒட்டிவையுங்கள். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் உள்ள பக்கம் போய்விடுவது உண்டு. அப்போது பில்லைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: காயைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், அசெனோகுமரால் மாத்திரைகள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் பலர் இவற்றை எடுக்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்க உடலுக்கு வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்துகள் அந்த வேலையைத் தடுக்கின்றன. முருங்கைக்கீரை, பசலை, கொத்தமல்லி, ப்ரோக்கோலி எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. திடீரென்று தினமும் கீரை சூப் குடிக்க ஆரம்பித்தால் மருந்தின் வேகம் குறைந்து ரத்தக்கட்டி உண்டாகலாம். தினமும் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் அதற்கு நேர்மாறாக ரத்தக்கசிவு வரலாம். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். புதிதாகச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈறில் ரத்தம், கருப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர் என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கீரைச் சிக்கல் கிடையாது.

சுரைக்காய் போடுவதாக இருந்தால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பில் இருக்கும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

படி 3: வேகவையுங்கள்

காய்களைப் பொடியாக நறுக்கி, இஞ்சி பூண்டைத் தட்டிப் போட்டு, 5 டம்ளர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கீரையைக் கடைசி 3 நிமிடத்தில் போட்டால் போதும்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்தப் படி வேறு. காயிலுள்ள பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும். சூப்பில் நாம் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்! பிரஷருக்கும் இதயத்துக்கும் எடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மருந்துகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, வாழைத்தண்டு வேண்டாம். சௌசௌ, சுரைக்காய், முட்டைக்கோஸ் போன்றவற்றை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிச் சூப் வையுங்கள். ருசி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன கணக்கில் சூப்பும் சேரும்.

படி 4: உப்பும் காரமும்

பிரஷருக்கு நல்லது என்று ‘லோ சோடியம்’ உப்பு வாங்குகிறோம். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். மேலே சொன்ன மாத்திரைகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. பாக்கெட் சூப் பொடி, சூப் கட்டி இரண்டிலும் உப்பு அதிகம்.

மிளகு ஒரு சிட்டிகை யாருக்கும் பிரச்சினை இல்லை. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவருக்கு மட்டும் கஷாயம் போல மிளகை வாரிப் போடாதீர்கள். மிளகிலுள்ள பைப்பரின் அந்த மருந்தை ரத்தத்தில் கூட்டும். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவருக்குச் சோயா சாஸ் கூடாது, ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

படி 5: எப்போது, எதோடு குடிப்பது

காலை நடைக்குப் போய்விட்டு பூங்கா வாசலில் முருங்கை சூப்போ வாழைத்தண்டு சூப்போ குடிக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் தைராய்டுக்கான தைராக்ஸின் மாத்திரை போட்டவுடனே குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சூப். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் எடுப்பதாக இருந்தால், அவற்றைத் தைராக்ஸினுக்கு 4 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

பாலோ கிரீமோ சேர்த்த சூப்பை டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு குடிக்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காய்ச்சல் போகாது. பால் சேராத சூப் என்றால் கவலையில்லை.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், எடை குறைக்கிறேன் என்று இரவில் சூப் மட்டும் குடித்துவிட்டுப் படுக்கவே கூடாது. தெளிவான சூப்பில் மாவுச்சத்து மிகக் குறைவு. மருந்தோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி எழுவார்கள். பாகற்காய் போட்டால் இன்னும் இறங்கலாம். இரண்டு இட்லியோ சப்பாத்தியோ கூட இருக்கட்டும், சூப்பிலும் ஒரு கைப்பிடி வெந்த பாசிப்பருப்பைச் சேருங்கள்.

ரத்தசோகைக்காகக் கீரை சூப் கொடுக்கிறீர்கள் என்றால், இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கொடுக்காதீர்கள்.